உஷார்! கடல் பக்கத்தில் இருக்கிறது, அயோடின் பக்கத்தில் இல்லை

பாம்பன் தீவில் நம் அக்காள்மடத்து அடுக்களைகளில் இன்றைக்கே ஒரு பொருளைப் பார்த்துவிட வேண்டும். உப்பு ஜாடி. அதில் கிடப்பது மூட்டையிலிருந்து அள்ளிப்போட்ட கல்லுப்பா, அயோடின் சேர்த்த பாக்கெட் உப்பா? மூட்டை உப்புதான் என்றால், அந்த வீட்டில் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணோ, மாசமாக இருப்பவளோ, பால் குடிக்கிற பிள்ளையோ இருந்தால், மிச்சத்தை நாளைக்குப் படிக்கலாம் என்று ஒதுக்கிவைக்காதீர்கள்.

சத்துக்குறைவு என்றால் நாம் எலும்பும் தோலுமான பிள்ளையை நினைக்கிறோம். இந்தக் குறைவு அப்படிக் கண்ணுக்குத் தெரியாது. பிள்ளை கொழுகொழுவென்றே இருக்கும். ஓடும், விளையாடும், நீந்தும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்வதை அதே வகுப்பிலுள்ள மற்றப் பிள்ளைகள் பிடித்துக்கொள்ளும் வேகத்தில் பிடிக்க முடியாமல் திணறும். “படிப்பு ஏறல, வல்லத்துக்கு அனுப்பிரலாம்” என்று வீடு முடிவெடுத்துவிடும். வயிற்றிலிருந்தபோது தாய்க்குக் கிடைக்காமல் போன ஒரு சிட்டிகைச் சத்து அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது.

2018–19-ல் இந்தியா முழுவதும் வீடுகளில் இருக்கும் உப்பை எடுத்துச் சோதித்தார்கள். இந்திய அயோடின் கணக்கெடுப்பு என்று அதற்குப் பெயர். போதுமான அளவு அயோடின் உள்ள உப்பைச் சமையலுக்குப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டில் 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9 சதவீதம். மாநிலங்களின் வரிசையில் கடைசி இடம் நமக்குத்தான். பள்ளிக்கூடத்திலும் பிரசவத்திலும் தடுப்பூசியிலும் மற்ற மாநிலங்களுக்கு முன்மாதிரி என்று பேர் வாங்கிய தமிழ்நாடு, குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டுக்கே உப்பு விளைவித்துத் தரும் தமிழ்நாடு, தன் வீட்டு உப்பில் தோற்றுப்போயிருக்கிறது. பத்து வீட்டில் நாலு வீட்டுக் குழம்பில் வேண்டிய அயோடின் இல்லை.

உப்பு விளைகிற ஊர் என்பதாலேதான் தோற்றோம் என்று நான் நினைக்கிறேன். அயோடின் உப்பு லாரியிலும் ரயிலிலும் ஏறி வருகிற மாநிலங்களில் மக்களுக்குக் கிடைப்பதே அந்தப் பாக்கெட்தான். நமக்கோ உப்பளம் கூப்பிடு தூரம். வாலிநோக்கம், திருப்பாலைக்குடி, உப்பூர் என்று ராமநாதபுரம் மாவட்டத்தின் கரை நெடுகப் பாத்திகள். தெற்கே போனால் தூத்துக்குடி. பாத்தியிலிருந்து வாரிய உப்பு எந்த ஆலையையும் தொடாமல் மூட்டையாகி, வண்டியேறி, வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது.

இந்தக் கரையில் யாரிடம் அயோடின் பற்றிப் பேச்செடுத்தாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான். “அதெல்லாம் மலைநாட்டுக்காரவுகளுக்கு வர்ற நோயி. நமக்கு ரெண்டு பக்கமும் கடலு. திங்கிறது மீனு. கடல் உப்புல இல்லாத அயோடினா?” கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பள்ளிக்கூடப் புத்தகமும் அயோடின் கடலில் இருக்கிறது என்றுதானே சொல்லிக்கொடுத்தது. இந்த நம்பிக்கைதான் ஆபத்து. கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதே லிட்டரில் அயோடின் 50, 60 மைக்ரோகிராம். கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். பாத்தியில் தண்ணீர் வற்றும்போது அயோடின் துளிகூடக் காற்றிலும் கழிவுநீரிலும் போகாமல் முழுக்க உப்போடு தங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஒரு கிராம் உப்புக்கு 2 மைக்ரோகிராம் தேறாது. உண்மையில் அத்தனையும் தங்குவதில்லை; உப்பு பூத்தபின் வடித்துவிடுகிற கசப்புத் தண்ணீரோடு ஒரு பங்கு போய்விடுகிறது. ஒரு ஆள் நாளைக்குப் 10 கிராம் உப்புத் தின்றால்கூட 20 மைக்ரோகிராமைத் தொடாது. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு நாளைக்கு 150 மைக்ரோகிராம். மாசமாக இருப்பவளுக்கும் பால் கொடுப்பவளுக்கும் 250.

கடையில் விற்கும் அயோடின் உப்பில் சட்டப்படி கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் இருக்க வேண்டும். பாத்தி உப்பில் 2-க்கும் கீழே. நாக்குக்கு இரண்டும் ஒன்றுதான். கரிப்பில் வித்தியாசம் தெரியாது, வாசனையில் தெரியாது, குழம்பின் நிறத்திலும் தெரியாது.

“மீன் இருக்குல்ல?” இருக்கிறது. கடல் மீனில் அயோடின் உண்டு, மறுக்கவில்லை. தினமும் நல்ல அளவில் மீன் தின்கிற ஆளுக்கு அது பெரிய துணை. ஆனால் மீனுக்கு மீன் அந்த அளவு மாறும். சிலதில் நிறைய, சிலதில் கொஞ்சம். பிடிப்பவன் வீட்டுச் சட்டிக்கு எது வந்து சேர்கிறது என்பதும் யோசிக்க வேண்டிய சங்கதி. இறாலும் நண்டும் கணவாயும் கம்பெனிக்குப் போகின்றன. பெரிய மீன் ஏலத்துக்குப் போகிறது. வீட்டுக்கு வருவது காரல், சூடை, நெத்திலி. சங்காயம் என்று ஒதுக்கும் பொடி மீன் தீவன ஆலைக்குப் போய்விடுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். காற்றடி காலத்தில் நாட்டுப்படகும் கரையேறிக் கிடக்கும். அந்த நாட்களில் வீட்டில் ரசமும் துவையலும்தான். இருக்கிற மீனையும் முதலில் ஆம்பளைகளுக்கும் பிள்ளைகளுக்கும் வைத்துவிட்டு, சட்டியை வழித்துச் சாப்பிடுபவள் அந்த வீட்டுப் பெண். அவளுக்குத்தான் 250 வேண்டும்.

கடலோரம் என்பது காவல் இல்லை என்பதற்குச் சாட்சி தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். நம் கரைக்கு எதிரே, பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், இலங்கையில் 1980-களின் பிற்பகுதியில் பள்ளிப் பிள்ளைகளின் கழுத்தைச் சோதித்துக் கழலை எண்ணினார்கள். 17 மாவட்டங்களைச் சேர்த்துப் பார்த்தபோது 18.8 சதவீதம். ஆக அதிகம் எந்த மாவட்டத்தில் தெரியுமா? களுத்துறையில். கொழும்புக்குத் தெற்கே கடலைப் பார்த்தபடி கிடக்கும் மாவட்டம் அது. அங்கே ஏறக்குறைய 30 சதவீதம். மீன் தின்னாத ஊரா அது? 1995-ல் இலங்கை உப்பில் அயோடின் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. நாலு பக்கமும் கடல் சூழ்ந்த பிரிட்டனில், 14, 15 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு அயோடின் குறைவு இருக்கிறது என்று 2011-ல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. தீவில் பிறந்துவிட்டால் போதும் என்றால் அந்தப் பிள்ளைகளுக்கு ஏன் குறைந்தது?

இந்த அயோடின் உடம்பில் அப்படி என்னதான் செய்கிறது? கழுத்துக்கு முன்னால், குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் தைராய்டு சுரப்பி இருக்கிறது. அது சுரக்கும் நீர்தான் உடம்பின் வேகத்தை முடிவு செய்கிறது: சூடு, இதயத் துடிப்பு, செரிமானம், மாதவிலக்கு, எல்லாம். அந்த நீரைச் செய்ய அயோடின் இல்லாமல் முடியாது. வேறு எந்தச் சத்தும் அதற்கு மாற்றாக நிற்காது. அயோடின் கிடைக்காத சுரப்பி, எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்று தன்னைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். அதுதான் முன்கழுத்துக் கழலை. கழலை தெரியும் அளவுக்குப் போவதற்கு வெகு காலத்துக்கு முன்பே உள்ளே சேதம் தொடங்கியிருக்கும். சோர்வு, தோல் வறட்சி, மலச்சிக்கல், காரணமில்லாத உடல் பெருக்கம், தள்ளிப்போகும் தீட்டு, தங்காத கரு. இவை ஒவ்வொன்றுக்கும் வேறு காரணங்களும் உண்டு. அதனால்தான் யாரும் உப்பைச் சந்தேகிப்பதில்லை.

எனக்குப் பதற்றம் தருவது இனி சொல்லப்போவது. கருவில் இருக்கும் பிள்ளைக்கு முதல் மூன்று மாதம் சொந்தத் தைராய்டு வேலை செய்யாது. அதன் மூளை கட்டப்படுவதோ அந்த மாதங்களிலேயே தொடங்கிவிடுகிறது. அப்போது வேண்டிய தைராய்டு நீர் முழுக்கத் தாயிடமிருந்துதான் வரவேண்டும். நாள் தள்ளிப்போய், உறுதி செய்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து, செவிலியரைப் பார்க்கும்போது இரண்டு மாதமாவது ஓடியிருக்கும். அதற்குப் பிறகு உப்பை மாற்றினால் நல்லதுதான். ஆனால் முதல் அத்தியாயம் எழுதி முடிந்திருக்கும். அயோடின் குறைவு கடுமையாக உள்ள ஊர்களில் வளரும் பிள்ளைகளின் அறிவுத்திறன் சராசரியாகப் பத்துப் புள்ளிக்கு மேல் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். பிறகு எந்த டியூஷனும் அதைத் திருப்பித் தராது. ஆகவே மருமகள் வீட்டுக்குள் காலடி வைப்பதற்கு முன்பே உப்பு மாறியிருக்க வேண்டும். பிள்ளை உண்டான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது தாமதம்.

இவ்வளவுக்கும் ஆயுசு முழுவதற்கும் ஒரு மனிதனுக்குத் தேவைப்படும் அயோடின் எவ்வளவு? 70 வருஷத்துக்குக் கூட்டினால் 4 கிராமைத் தொடாது. ஒரு தேக்கரண்டிகூட நிரம்பாது. ஆனால் உடம்பு அதை ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைக்காது. அன்றன்றைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் தினம் எல்லோரும் தின்கிற உப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். 1950-களில் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசாமியும் கூட்டாளிகளும் செய்துகாட்டிய சோதனை இந்தியாவுக்கே வழிகாட்டியது. பள்ளத்தாக்கை மூன்றாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிக்கு அயோடின் உப்பு, ஒரு பகுதிக்குச் சாதா உப்பு. சில வருஷத்தில் அயோடின் உப்புத் தின்ற பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது; சாதா உப்புப் பகுதியில் அப்படிக் குறையவில்லை. 1962-ல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. 1992-ல் அதன் பெயர் அயோடின் குறைபாட்டு நோய்த் தடுப்புத் திட்டம் என்று மாறியது.

சட்டம் மட்டும் இழுபறியாகவே வந்தது. அயோடின் இல்லாத உப்பை மனிதர் நேரடியாகத் தின்ன விற்கக்கூடாது என்று 1997 நவம்பரில் மத்திய அரசு அறிவித்த தடையை 2000-ல் அதுவே விலக்கிக்கொண்டது. ஆறு வருஷம் கழித்து, 2006 மே 17 முதல் தடை திரும்ப வந்தது. இன்று உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் அது இருக்கிறது. ஆனால் அந்த விதியில் நம் கரைக்கென்றே வைத்ததுபோல் ஒரு கதவு திறந்திருக்கிறது. மாட்டுக்கு, தொழிலுக்கு, பதப்படுத்தலுக்கு என்று உரிய லேபிளோடு அயோடின் இல்லாத உப்பை விற்கலாம்.

பதப்படுத்தல் என்றால் நமக்கு என்ன? கருவாடு! கருவாடு போடுகிற வீட்டில் உப்பு மூட்டை இல்லாமல் இருக்குமா? அது முறையானதுதான், குற்றமில்லை. கருவாட்டுக்கென்று வாங்கிய மூட்டையின் வாய் திறந்திருக்க, பக்கத்திலேயே அடுப்பு. சமையல் உப்புத் தீர்ந்துபோன அன்றைக்கு ஒரு கை அள்ளி ஜாடியில் போடுகிறோம். அடுத்த மாதம் இன்னொரு கை. பிறகு “அதுவும் உப்புத்தானே, காசு எதுக்கு” என்று பாக்கெட் வாங்குவதே நின்றுபோகிறது. சட்டம் ஆலை வாசலில் நின்று காவல் காக்கிறது. உப்போ கருவாட்டு மூட்டை வழியாகக் கொல்லைப்புறத்தில் நுழைந்துவிடுகிறது. கடலோர வீடுகளில் நடக்கும் கசிவுக்கு இதுதான் பெரிய ஓட்டை என்பது என் கணிப்பு. இரண்டு உப்பு இருக்கட்டும். இரண்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டாம்.

பாக்கெட் வாங்குபவர்களும் பாதி வழியில் தவறவிடுகிறார்கள். அயோடின் உப்பில் பொட்டாசியம் அயோடேட் என்னும் பொருள் படிகத்தின் மேல்பரப்பில்தான் ஒட்டியிருக்கிறது. கல்லுப்பில் மண் இருக்குமே என்று தண்ணீரில் அலசி வடிக்கும் பழக்கம் பல வீட்டில் உண்டு. அலசினால் முதலில் ஓடிப்போவது அந்த அயோடின். வாய் திறந்த ஜாடியில் வைத்து, ஈரக் கையால் அள்ளி, அடுப்புச் சூட்டில் வைத்தால் கசிகிற தண்ணீரோடு அது அடியில் இறங்கிவிடும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் நம் தீவில் உப்பு எப்படி நீர்த்துப்போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூடி இறுகிய டப்பா, காய்ந்த கரண்டி, அடுப்பிலிருந்து தள்ளி ஓர் இடம், இவ்வளவு போதும். கொதிக்கும்போது கொஞ்சம் குறையத்தான் செய்யும். குழம்பை இறக்குகிற நேரத்தில் உப்புப் போட்டால் நஷ்டம் குறைவு.

இன்னொரு கூட்டத்தையும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. மூட்டை உப்பு வாங்குபவர்கள் அவர்கள் இல்லை. விலை கூடிய இந்துப்பை, ‘இயற்கைக் கடல் உப்பை’ ஆன்லைனில் வாங்குபவர்கள். பாம்பனிலும் ராமேஸ்வரத்திலும் வாட்ஸ்அப் போகாத வீடு எது? “அயோடின் உப்புத்தான் தைராய்டு நோய்க்கே காரணம்”, “பிள்ளை உண்டாகாமல் தடுக்கக் கொண்டுவந்த உப்பு” என்றெல்லாம் வருகிறது. இரண்டாவது அப்பட்டமான பொய். அயோடின் குறைந்தால்தான் கரு தங்காது. முதலாவதில் ஒரு இழை உண்மையை எடுத்துப் பெரிய பொய்யாக முறுக்கியிருக்கிறார்கள். வெகுநாள் அயோடின் இல்லாமல் கிடந்து கழுத்தில் முடிச்சு விழுந்த முதியவர் சிலருக்கு, அயோடின் கிடைக்கத் தொடங்கியதும் சுரப்பி சில காலம் அளவுக்கு மீறி வேலை செய்தது சில நாடுகளில் நடந்திருக்கிறது. அதற்காக ஊர் முழுக்க அயோடினை நிறுத்தச் சொல்வது பச்சைப் பிள்ளைகளைப் பலிகொடுப்பது. இந்துப்பு மண்ணுக்கடியில் எத்தனை கோடி வருஷம் இருந்திருந்தாலும், அயோடின் சேர்க்கவில்லை என்றால் அதில் உங்கள் பிள்ளைக்கு வேண்டிய அளவு இல்லை. ரோஸ் நிறத்துக்குக் காசு கொடுக்கிறீர்கள்.

இனி ஒரு வேதனை. இந்தத் தீவின் பெண்கள் பாசி எடுக்கக் கடலில் இறங்குகிறார்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று இனம் பிரித்து, காயவைத்து மூட்டை கட்டுகிறார்கள். கடலில் பரந்து கரைந்து கிடக்கும் அயோடினை உறிஞ்சித் தன்னுள் குவித்துவைக்கும் உயிர் இந்தப் பாசிகள்தான். உலகத்துக்கு அயோடின் என்ற தனிமமே தெரியவந்தது பாசிச் சாம்பலில் இருந்துதான். 1811-ல் பிரான்சில் பெர்னார்ட் கூர்த்துவா கண்டார். இந்தியாவில் உப்புக்கும் கடல் ரசாயனத்துக்கும் என்றே உள்ள மத்திய ஆராய்ச்சி நிறுவனம் பாசியை ஆராய நிலையம் வைத்திருப்பதும் இங்கேதான், பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் மண்டபத்தில். காலில் பாறை கிழித்து, கையில் துணி சுற்றி, மூச்சடக்கி அந்தப் பாசியைப் பறிக்கிற பெண் வீட்டுக்கு வந்து வைக்கும் குழம்பில் அயோடின் இல்லாமல் இருக்கலாம் என்பதை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை.

இதைப் படித்துவிட்டுப் பாசியைச் சமைத்துச் சாப்பிடத் தொடங்கிவிட வேண்டாம். பாசிக்குப் பாசி அயோடின் அளவு பன்மடங்கு மாறும். மிதமிஞ்சினாலும் தைராய்டு கெடும். ஆன்லைனில் விற்கும் கடற்பாசி மாத்திரைகளையும் டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள், மாசமாக இருப்பவர்கள் கட்டாயம் தொடாதீர்கள். உப்பில் சேர்ப்பது அளந்து சேர்ப்பது. அதுதான் அதன் பலம்.

அயோடின் தனியாக வேலை செய்வதும் இல்லை. நம் பெண்கள் கவனிக்க வேண்டிய அடுத்த சத்து இரும்பு. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று, 2019–21, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை என்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57.4 சதவீதம். தைராய்டு சுரப்பி அயோடினைப் பிடித்துத் தன் நீரில் சேர்க்க இரும்புச்சத்து உள்ள ஒரு நொதி வேண்டும். ரத்தம் குறைந்தவளுக்கு அயோடின் கொடுத்தாலும் முழுப் பலன் வராது. கிடைத்த நீரை உடம்பு பயன்படுத்த செலினியம் வேண்டும். அது மீனில் உண்டு. ஒரு சத்து நன்றாக இருந்தால் போதும் என்று விட முடியாதபடி ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன.

இரும்பைப் பொறுத்தவரை இங்கே எதிரி டீ கிளாஸ். சாப்பிட்டுக் கைகழுவியதும் டீ. டீயிலுள்ள துவர்ப்பு, சோற்றிலும் கீரையிலும் இருக்கும் இரும்பை உடம்பில் சேரவிடாமல் கட்டிப்போட்டுவிடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். முருங்கைக்கீரைப் பொரியலோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும். மீனோடு சாப்பிட்டாலும் ஏறும். ரேஷனில் வரும் செறிவூட்டிய அரிசியில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் சேர்ந்த மணிகளைக் கலந்திருப்பார்கள். பார்க்க வேறாக இருக்கிறதே, பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிகிறார்கள் சிலர். எறிவது சத்தை. பொடி மீனை முள்ளோடு தின்றால் சுண்ணாம்புச்சத்து வரும். இவை பற்றியெல்லாம் அங்கன்வாடியிலும் செவிலியரும் அடிக்கடி சொல்கிறார்கள், நீங்களும் கேட்டிருப்பீர்கள். உப்பைப் பற்றித்தான் கடலோரத்தில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. மாசமாக இருக்கும்போது தைராய்டு மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தால், அதைக் காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டும். அதே வேளையில் இரும்பு மாத்திரையையோ சுண்ணாம்பு மாத்திரையையோ சேர்த்துப் போட்டால் தைராய்டு மருந்து வேலை செய்யாது. குறைந்தது நாலு மணி நேர இடைவெளி விடுங்கள். இரும்பையும் சுண்ணாம்பையும்கூட ஒன்றாகப் போடாதீர்கள். அயோடின் உப்புக்கு மாறிவிட்டோம் என்று தைராய்டு மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது. கழுத்தில் வீக்கம் தெரிந்தாலோ, மேலே சொன்ன அறிகுறிகள் விடாமல் இருந்தாலோ அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

நல்ல உப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. நம் மாவட்டத்திலேயே, மாரியூர் வாலிநோக்கத்தில், 1974-ல் தொடங்கிய தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளம் இருக்கிறது. அரசுக்குச் சொந்தமான நிறுவனம். அங்கிருந்து அயோடின் உப்பும், இரும்பும் அயோடினும் சேர்ந்த இரட்டைச் செறிவூட்டிய உப்பும் வருகின்றன. 2014-ல் அம்மா உப்பு என்ற பெயரில் வந்தது. 2022-ல் நெய்தல் உப்பு என்று வெளியிட்டார்கள். எந்தக் கம்பெனி உப்பை வாங்கினாலும் பாக்கெட்டில் அயோடின் கலந்தது என்ற எழுத்தையும் சிரிக்கும் சூரியன் படத்தையும் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா, தயாரித்த தேதி என்ன என்றும் பாருங்கள். கல்லுப்புத்தான் கைக்குப் பழக்கம் என்றால் அயோடின் கலந்த கல்லுப்பும் பாக்கெட்டில் கிடைக்கிறது. அலசாமல் போடுங்கள்.

இதைச் சாக்காக வைத்து உப்பைக் கூட்டிவிடக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி, நாளைக்கு ஒரு ஆளுக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்கிறது. கருவாடும் ஊறுகாயும் தினமும் தட்டில் இருக்கும் நம் பக்கம் ரத்தக்கொதிப்பு குறைவா என்ன? உப்பைக் குறையுங்கள். குறைத்த உப்பு முழுக்க அயோடின் உப்பாக இருக்கட்டும். மிச்சத்துக்கு மீன், முட்டை, பால்.

கையிலிருக்கும் மூட்டை உப்பை என்ன செய்வது என்று கேட்பீர்கள். கொட்ட வேண்டாம். கருவாட்டுக்கு வையுங்கள், மீன் கழுவ வையுங்கள். மூட்டையின் வாயைக் கட்டி அடுக்களைக்கு வெளியே நிறுத்துங்கள், மேலே ‘கருவாட்டு உப்பு’ என்று கரியால் எழுதிவிடுங்கள். வீட்டில் யார் சமைத்தாலும் குழம்பாது.

மளிகைக் கடைக்காரர்களிடமும் ஒரு வார்த்தை. மூட்டையைப் பிரித்துச் சின்னச் சின்ன வெள்ளைப் பையில் கட்டிச் சமையலுக்கு என்று விற்பது சட்டப்படி குற்றம். உங்கள் கடையில் வாங்குகிற பெண்களில் யார் யாருக்குப் பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், ஒரே ஊர்தானே.

உப்பில் அயோடின் இருக்கிறதா என்று அங்கேயே பார்க்க ஒரு சின்ன சோதனைக் கிட் உண்டு. ஒரு கரண்டி உப்பில் ஒரு சொட்டு விட்டால், அயோடின் இருந்தால் நீலமாகும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே இருக்கும். இரண்டு நிமிஷ வேலை. தேசியத் திட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. அக்காள்மடத்திலும் தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் அடுத்த கிராம சபையில் யாராவது எழுந்து, சத்துணவுக் கூடத்தில், அங்கன்வாடியில், தெருவுக்குப் பத்து வீட்டில் அந்தச் சொட்டை விட்டுப் பார்க்கச் சொல்லி தீர்மானம் கேளுங்கள். கிராம சுகாதாரச் செவிலியரையும் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரையும் பெயர் குறிப்பிட்டு அழையுங்கள். மகளிர் குழுக்கள் கேட்டால் இன்னும் சீக்கிரம் நடக்கும். சோதிக்க வரும்போது பிள்ளைகள் தங்கள் வீட்டு உப்பை ஒரு காகிதத்தில் மடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரட்டும். அதற்குள் உங்கள் வீட்டு ஜாடியை மாற்றிவிடுங்கள். முக்கியமாக, வரும் தை மாசம் கல்யாணம் வைத்திருக்கிற வீடுகள்.